ஏற்காட்டை நடந்து பாருங்கள்: இரண்டு நாள் மலையில், ஒரு சாயங்காலம் சேலத்தில்

ஏற்காடு போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், திரும்பும்போது பஜ்ஜி. காலையில் காரில் ஏறி, ஏழெட்டு இடத்தில் இறங்கி போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் சேலம் வந்து சேர்ந்துவிடுவார்கள். நானும் சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இப்படித்தான் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்பு ஒருமுறை, கிளியூர் அருவிக்குப் போக வண்டி எதுவும் கிடைக்காமல் நடந்தே போனேன். அன்றிலிருந்து இன்றுவரை மேலே போனால் நடைதான். காரில் போனால் ஒரு பாயிண்டுக்கும் அடுத்த பாயிண்டுக்கும் நடுவில் இருக்கிற மலை கண்ணிலேயே படாது. ஏற்காட்டில் நல்லதெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது: காப்பித் தோட்டத்து நிழல், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, களத்தில் காயும் காப்பிக்கொட்டையின் வாசம், எதிரே வந்து யார் எவரென்று விசாரித்துவிட்டுப் போகும் மலைக்கிராமத்து மனிதர்கள்.

இரண்டு நாள் இருந்தால் போதும். மலையேற்றப் பயிற்சியெல்லாம் வேண்டாம், வீட்டருகே தினமும் ஒரு மணி நேரம் நடக்க முடிகிற யாருக்கும் இது முடியும். என் அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, கிளியூர் படிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நடந்தே பார்த்தார்.

எப்போது போவது என்பதுதான் முதல் கேள்வி. பள்ளி விடுமுறையும் கோடை விழாவும் சேர்ந்து வரும் மே மாதத்தில் மட்டும் நடக்கப் போகாதீர்கள். மலர்க் கண்காட்சி அழகுதான், ஆனால் ஏரியைச் சுற்றி வண்டி நகராது, அறை வாடகை இரண்டு மடங்காகிவிடும், ரோட்டோரம் நடந்தால் புகையைத்தான் குடிப்பீர்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மழை வலுத்தால் அருவிக்கு விடமாட்டார்கள், மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரியும். என்னைக் கேட்டால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை சரியான காலம். பச்சை இன்னும் வாடியிருக்காது, காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும், குளிர் கடிக்கும், ஆனால் நடக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு காலம் இருக்கிறது, அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடைமழை பெய்தால், அதிலிருந்து எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி முழுக்க ஒரே நேரத்தில் பூக்கும். கிளை நெடுக வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாக, கணுவுக்குக் கணு கட்டிவைத்த மாதிரி. வாசம் மல்லிகைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அவ்வளவு தலைக்கேறாது. மூன்று நான்கு நாளில் வாடி உதிர்ந்துவிடும். சேலத்தில் மழை கொட்டியதாகக் கேள்விப்பட்டால் நாட்காட்டியில் குறித்துவைத்து அடுத்த வாரம் கிளம்பிவிடுங்கள்.

மேலே ஏறுவது

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் இருக்கிறது, தூரம் முப்பது கிலோமீட்டர் சுற்று. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,515 மீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள், வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் பொங்கல் வடை என்று வயிற்றை நிரப்பாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் ரோட்டைப் பாருங்கள். போனைப் பார்க்கவே கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும், என் பாட்டி காலத்து வைத்தியம்தான், எனக்கு இன்னும் வேலை செய்கிறது.

காலையில் கிடைக்கும் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆறு, ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் ஏரிக்கரையில் இருப்பீர்கள், கூட்டம் பத்துக்கு மேல்தான் வரும். அந்த இரண்டு மணி நேரம்தான் ஏற்காடு ஏற்காடாக இருக்கும் நேரம்.

பைக்கில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதையின் மரியாதை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கத் தயங்காதீர்கள். பாறைச்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு எதையும் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை காட்டை விட்டு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் மேலே வருகிறது, திரும்பும்போது அதில் இறங்கினால் மலையின் வேறொரு முகத்தைப் பார்க்கலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

அதிகம் வேண்டாம். அடிப்பாகத்தில் பிடிப்பு தேயாத ஷூ, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. புது ஷூவை மலையில் முதல் தடவையாகப் போடாதீர்கள், குதிகால் கொப்பளித்துவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் இறக்கத்தில் பெருவிரல் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்து ராத்திரி தூங்கவிடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை. கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் தட்டு எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள். கடலை மிட்டாய், இரண்டு வாழைப்பழம், மதியத்துக்குப் புளிசாதம் பொட்டலம். மெல்லிய ரெயின்கோட் ஒன்று எந்த மாதமானாலும் இருக்கட்டும். சாப்பாட்டைக் கவரில் போட்டுக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்குக்கு அந்தக் கவர் சத்தம் நன்றாகத் தெரியும்.

முதல் நாள்: ஏரியிலிருந்து கிளியூர்

ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். பையை அறையில் போட்டுவிட்டு ஏரியை ஒரு சுற்று சுற்றுங்கள். படகுத்துறை திறக்கும்வரை தண்ணீர்மேல் பனி படுத்திருக்கும். ஏரிக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது உபரித் தண்ணீர் வெளியேறுகிறதா என்றுதான். கிளியூர் அருவிக்கு வரும் தண்ணீரில் இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரும் உண்டு. ஏரி வழிந்தால் அருவி விழும், ஏரி வற்றியிருந்தால் அங்கே ஈரப்பாறையைத்தான் பார்ப்பீர்கள். கோடையில் இதைத் தெரியாமல் அத்தனை படியும் இறங்கி ஏமாந்து ஏறுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஏரியிலிருந்து அருவி மூன்று கிலோமீட்டருக்குள்தான். ரோடு முடிந்ததும் படிகள் ஆரம்பிக்கும், இருநூறுக்கு மேல் இருக்கும், செங்குத்து, சில இடத்தில் கைப்பிடி ஆடும். இறங்கும்போது நேராக இறங்காமல் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவைத்து இறங்கினால் முட்டி தப்பிக்கும். அருவி 300 அடி உயரத்திலிருந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது. நல்ல தண்ணீர் இருக்கும் நாளில் படி பாதி இறங்கும்போதே முகத்தில் சாரல் அடிக்கும், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அங்கே நின்று பாருங்கள், போதும். விழுகிற இடத்துப் பாறையில் பச்சைப்பாசி மெழுகிவிட்ட மாதிரி இருக்கும், அதில் கால் வைத்துத்தான் ஆட்கள் விழுகிறார்கள். மேலேறி அருவியின் தலையைப் பார்க்கிறேன் என்று போனவர்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள். செல்ஃபிக்காக ஓரடி முன்னால் வைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பி ஏற முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முப்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினால் மேலே வரும்போது தெம்பாக இருப்பீர்கள், வேகமாக ஏறினால் மதியத்துக்கு மேல் படுத்துவிடுவீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. போன் மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். ஒருமுறை நான் கிளியூரிலிருந்து லேடீஸ் சீட்டுக்கு ரோட்டில் போகாமல் மேப்பில் தெரிந்த ஒரு கோட்டைப் பிடித்து நடந்தேன். இருபது நிமிடத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் இருந்தேன், முன்னால் பூட்டிய இரும்புக் கேட், பின்னால் இரண்டு நாய். காவல்காரர் ஓடிவந்து நாயை அதட்டி என்னை வந்த வழியே அனுப்பிவைத்தார். அவர் திட்டவில்லை, ஆனால் ‘போன வாரம் இந்தத் தடத்துல காட்டெருமை நின்னுச்சு தம்பி’ என்று சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. மேப்பில் கோடு இருந்தால் அது பொதுவழி என்று அர்த்தமில்லை. ஏற்காட்டில் பாதி நிலம் தனியார் தோட்டம். ‘ஐயா, இந்தத் தடம் எங்கே போகுது?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் சொல்லாமல் போகமாட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். பலர் தவிர்த்துவிட்டுப் போகும் இடம் இது, பூ அதிகம் இல்லாத மாதத்தில் ஏமாற்றமாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே குடுவைத் தாவரம் இருக்கிறது, மேகாலயத்துக் காசி மலையைச் சேர்ந்தது. இலையின் நுனி ஒரு சின்னக் குடுவையாகத் தொங்கும், அதற்கு மேல் ஒரு மூடி. உள்ளே வழுக்கி விழுந்த பூச்சியைக் கரைத்துச் செடி தின்றுவிடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இது ஒன்றே அவர்களுக்குப் போதும், நாள் முழுக்க அதையே பேசுவார்கள்.

லேடீஸ் சீட்டைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குப் போய் இடம் பிடித்து உட்கார்ந்தால் ஏழு மணிவரை எழுந்திருக்க மனம் வராது. கீழே நீங்கள் ஏறிவந்த மலைப்பாதை கயிறு போட்ட மாதிரி மடங்கி மடங்கிக் கிடக்கும், அப்புறம் சேலம் நகரம், அதற்கு அந்தப் பக்கம் கரடு கரடாகச் சின்னக் குன்றுகள். வெள்ளையாகத் தரை கிழிந்த மாதிரித் தெரிகிறதே, அது வெள்ளைக்கல் சுரங்கம். மேக்னசைட் என்பது அதன் பெயர், இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கிற செங்கல் செய்யப் பயன்படுகிறது. வானம் துப்புரவாக இருந்தால் மேற்கே மேட்டூர் அணையின் தண்ணீர் ஒரு கோடாகப் பளபளக்கும். இருட்டின பிறகு ஊர் முழுக்க விளக்கு ஏறும். சேலத்துக்காரர்கள் அங்கே நின்று எது அஞ்சு ரோடு, எது ஜங்ஷன் என்று விரல் நீட்டிச் சண்டை போடுவதை நீங்களும் கேட்பீர்கள். திரும்பும் வழியில் விளக்கு குறைவு. டார்ச் எடுத்துக்கொண்டு, ரோட்டிலேயே, கூட்டமாகத் திரும்புங்கள்.

இரண்டாம் நாள்: சேர்வராயன் மலை

இதற்காகத்தான் ராத்திரி தங்கச் சொன்னேன். சூரியன் எழும் முன் கிளம்புங்கள். ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், பெரும்பாலும் மெதுவான ஏற்றம், தோட்டங்களுக்கு நடுவே தார் ரோடுதான். காலை ஆறரை மணிக்கு அந்த ரோட்டில் நீங்களும் பால் வண்டியும்தான் இருப்பீர்கள். சில்வர் ஓக் மரங்கள் நேராக உயர்ந்து நிற்கும், அதில் மிளகு ஏறியிருக்கும், அதன் அடியில் காப்பி. இந்த அடுக்கு தற்செயலானது இல்லை. இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா, அதற்கு நேர்வெயில் ஆகாது, மரநிழல் வேண்டும். நிழல் தரும் மரத்தில் மிளகை ஏற்றினால் அதே நிலத்தில் இரண்டாவது வருமானம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவர் தோட்டம் போட்ட கிரேஞ்ச் என்ற பெயர் இன்னும் இங்கே வழங்குகிறது.

ஆனால் மலை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையாளிப் பழங்குடி மக்களுடையது. கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக அவர்களிடையே ஒரு கதை உண்டு, சேர்வராயன் மலையில் ஒரு கிளை, கொல்லிமலையில் ஒரு கிளை, பச்சைமலையில் ஒரு கிளை என்று பிரிந்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய தெய்வம்தான் சேர்வராயன். வழியில் கிராமத்தைத் தாண்டும்போது வீட்டு வாசலை, பெண்களை, குழந்தைகளைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வணக்கம் சொல்லி நின்றால் அவர்களே பேசுவார்கள். போன தைமாதம் ஒரு பாட்டி விறகுக் கட்டோடு எதிரே வந்தவர் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘மேகம் எறங்குது கண்ணு, வெரசா போயிட்டு வெரசா வா’ என்றார். வானம் அப்போது தெளிவாகத்தான் இருந்தது. நான் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

உச்சிக்கு வந்ததும் காடு சட்டென்று விட்டுவிடும். மரமில்லாத புல்வெளி, செம்மண், காற்று. தொப்பி போட்டிருந்தால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தச் செம்மண்ணைக் குனிந்து கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள், சின்னச் சின்ன உருண்டைகளாகக் கல் கலந்திருக்கும். பாக்சைட். மேட்டூரில் இருந்த அலுமினியத் தொழிற்சாலைக்காக இந்த மலைத்தொடரில் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

கோயில் என்றால் கோபுரத்தைத் தேடாதீர்கள். பாறைக்குள் ஒரு குகை, தாழ்வான வாசல், நல்ல உயரமுள்ளவர்கள் இடுப்பை வளைத்துத்தான் போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண் ஒன்றும் தெரியாமல் ஒரு நிமிடம் தடுமாறும், விளக்கெண்ணெய் வாசமும் திருநீற்று வாசமும் ஈரப்பாறை வாசமும் கலந்து முதலில் மூக்குக்குத்தான் கோயில் தெரியும். அப்புறம் மெதுவாக விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும் தெரிவார்கள். கையைச் சுவரில் வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டும். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமம் முழுக்கத் திரண்டு வரும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே சத்தம் போடாமல், ஃப்ளாஷ் அடிக்காமல் கும்பிட்டு வாருங்கள்.

திரும்பும்போது இறக்கம், ஒன்றரை மணி நேரத்தில் ஏரிக்கு வந்துவிடலாம். கால் ஒத்துழைக்காவிட்டால் கூசாமல் ஷேர் ஆட்டோவோ ஜீப்போ பிடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. பகோடா பாயிண்டை இந்த இரண்டு நாளில் நான் சேர்க்கவில்லை. அது கிழக்குப் பார்த்த இடம், விடியலுக்குத்தான் அழகு, மதிய வெயிலில் போனால் அடுக்கிவைத்த கற்களும் கூட்டமும்தான். இன்னொரு காலை கையில் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

காட்டுக்குள் போக ஆசை இருந்தால்

ரோடும் படியும் போதாது, ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதற்கு ஒரே சரியான வழி வனத்துறை மூலமாகப் போவது. 2024இல் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தை ஆரம்பித்தது, அதில் சேலம் பகுதியில் கொண்டப்பநாயக்கன்பட்டி – குண்டூர், நாகலூர் – சன்னியாசிமலை போன்ற பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவுசெய்து பணம் கட்டினால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள், அந்த வழிகாட்டிகள் உள்ளூர் மக்கள். பணம் அதிகமாகத் தோன்றலாம், ஆனால் எந்த மரத்தில் கரடி நகம் பதித்திருக்கிறது, எந்தச் சாணம் நேற்றையது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம் உயிர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் கால் அதை மிஞ்ச முடியாது. அதனால்தான் கோடையின் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கட்டும், கெஞ்சிப் பார்க்காதீர்கள், உள்ளூர்ப் பையன் ஒருவன் ஐந்நூறு ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள்.

காட்டெருமை பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரோட்டிலேயே எதிர்ப்படலாம். பார்க்க மாடு மாதிரி சாதுவாக மேயும், முழங்காலுக்குக் கீழே வெள்ளை ஸ்டாக்கிங் போட்ட மாதிரி இருக்கும். கை தட்டி விரட்டாதீர்கள், போட்டோவுக்கு நெருங்காதீர்கள், ஓடவும் வேண்டாம். அப்படியே நின்று, மெதுவாகப் பின்னால் நகர்ந்து, அது கடந்துபோகும்வரை காத்திருங்கள். கன்றோடு இருந்தால் இன்னும் தூரம்.

கீழே சேலம்

மதியம் மூன்று மணி பஸ்ஸில் இறங்கினால் சாயங்காலம் முழுக்கச் சேலத்துக்கு. கீழே வரும்போது கன்னங்குறிச்சி பிரிவுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு பழைய வளைவு தனியாக நிற்கும், ஜன்னல் வழியாகப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவாயில் அது. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ, நூறுக்கு மேற்பட்ட படங்கள் இங்கிருந்து வந்தன. கருணாநிதி வசனம் எழுதியதும் எம்.ஜி.ஆர். நடித்ததும் இந்த வாசலுக்கு உள்ளேதான். இப்போது வளைவு மட்டும் மிச்சம்.

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்கி நடக்க ஆரம்பித்தால் சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், கடைவீதி, அக்ரகாரம் எல்லாம் நடக்கிற தூரம்தான். கோட்டைப் பக்கம் போகும்போது ஒரு பாலத்தைக் கடப்பீர்கள், கீழே கறுப்பாக ஓடுவதைச் சாக்கடை என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடாதீர்கள். திருமணிமுத்தாறு. இரண்டு நாளாக நீங்கள் நடந்த சேர்வராயன் மலையில் பிறந்த ஆறுதான் இது, ஊருக்குள் வந்ததும் இப்படி ஆகிவிட்டது. மேலே தண்ணீர் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு வந்த கண்ணோடு அந்தப் பாலத்தில் நின்றால் வயிறு கலங்கும், எனக்கு ஒவ்வொரு தடவையும் கலங்குகிறது. மலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூடப் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் சேலத்தில் குகை என்று பெயருள்ள பகுதியின் வண்டி வேடிக்கையும் உண்டு, சாமி வேடம் கட்டியவர்கள் அலங்கார வண்டியில் ஊர்வலமாக வருவார்கள், அதற்காகவே ஒரு தடவை வரலாம். மாம்பழக் காலமென்றால் கடைவீதியில் மல்கோவா, இமாம்பசந்து, குதாதாத் என்று கேட்டு வாங்குங்கள், பழுத்தது ஒன்று, இரண்டு நாளில் பழுப்பது ஐந்து என்று கலந்து கேட்டால் கடைக்காரரே பொறுக்கித் தருவார். கொலுசு வாங்கப் போகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போங்கள், வெள்ளிக்கொலுசு இந்த ஊர்த் தொழில். எடை, கூலி, சேதாரம் மூன்றையும் தனித்தனியாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சரி, கடைசியாகத் தட்டுவடை செட். ஆறு மணிக்கு மேல் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி முளைக்கும், கூட்டம் நிற்கிற வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். உள்ளங்கையைவிடச் சின்னதாக, மொறுமொறுப்பான ஒரு தட்டுவடையை எடுத்து அதன் மேல் சிவப்புச் சட்னி கொஞ்சம், பச்சைச் சட்னி கொஞ்சம் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் கலந்த கலவையை விரல் நுனியால் கிள்ளி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தட்டில் வைப்பார்கள். கை எவ்வளவு வேகம் என்றால் நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் ஐந்து செட் தயாராகிவிடும். வாங்கியதும் முழுசாக வாயில் போட்டுக் கடியுங்கள், பாதி கடித்தால் சட்டையில் பீட்ரூட் கறை. பார்சல் வேண்டவே வேண்டாம், பத்து நிமிடத்தில் ஊறி நமத்துப்போகும். முதல் தட்டு முடித்துவிட்டு நொறுக்கல் கேளுங்கள், அதே தட்டுவடையை உடைத்துச் சட்னியும் காயும் சேர்த்துக் கிளறித் தருவார்கள். காரம் குறைவாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சேலத்துச் சிவப்புச் சட்னியில் பூண்டும் மிளகாயும் தாராளம்.

ராத்திரி ரயில் என்றால் ஜங்ஷன் போக அங்கிருந்து அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டவுன் ஸ்டேஷன் வேறு, ஜங்ஷன் வேறு, டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.